நான்கு டிகிரியில் திரும்பும் தண்ணீர்

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பாதி உருகியதும் உற்றுப் பாருங்கள். உருகாத கட்டி அடியில் கிடக்கும். உருகிய எண்ணெய் அதன்மேல் நிற்கும். நெய்யும் அப்படித்தான், மெழுகும் அப்படித்தான், ஈயமும் அப்படித்தான். உறைந்தால் சுருங்கும், சுருங்கினால் கனக்கும், கனத்தால் மூழ்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆச்சரியப்பட வேண்டியது எலுமிச்சை ஜூஸ் தம்ளரைப் பார்த்து. அதில் ஐஸ் கட்டி மிதக்கிறது. நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்து வருவதால் அது நமக்கு உறுத்துவதில்லை. பெரும்பாலான பொருள்களின் வழக்கப்படி அந்தக் கட்டி தம்ளரின் அடியில் கிடக்க வேண்டும். இந்த வழக்கத்தை மீறும் பொருள்கள் மிகக் குறைவு: பிஸ்மத், காலியம், சிலிக்கான் என்று ஒரு சில. அந்தச் சின்னக் கூட்டத்தில்தான் நாம் குடிக்கும் தண்ணீரும் இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 1.09 லிட்டர் ஐஸ் ஆகும். கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தவர்களுக்கு மறுநாள் காலையில் இது தெரிந்திருக்கும். ஆனால் தண்ணீரின் முறைகேடு உறைந்த பிறகு தொடங்குவதில்லை. திரவமாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் தண்ணீரைக் குளிரவைத்தால் மற்ற திரவங்களைப் போலவே முதலில் சுருங்குகிறது. லிட்டருக்கு 998.2 கிராம் என்றிருந்தது 4 டிகிரியில் 999.97 கிராம் ஆகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் விரியத் தொடங்குகிறது. 0 டிகிரியில், இன்னும் உறையாத நிலையில், லிட்டருக்கு 999.84 கிராம்தான். பள்ளிப் புத்தகங்கள் இதை ‘நீரின் முரண்பட்ட விரிவு’ என்கின்றன. 4 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு லிட்டருக்கு 0.13 கிராம். ஒரு சிட்டிகை உப்புக்குக்கூடத் தேறாத இந்த எடையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதலில் ஐஸ் மிதப்பதை வைத்தே சண்டை நடந்தது. 1611 கோடையில் ஃபுளோரன்ஸ் நகரில், கலிலியோவின் நண்பர் ஃபிலிப்போ சால்வியாத்தியின் வீட்டில் பேச்சு தொடங்கியது. அரிஸ்டாட்டில் மரபைச் சேர்ந்த பேராசிரியர்கள், குளிர் எதையும் இறுக்கும், ஆகவே ஐஸ் என்பது இறுகிய தண்ணீர் என்றார்கள். அப்படியானால் ஏன் மிதக்கிறது? அகலமான தட்டை வடிவத்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்க முடியவில்லை என்றார்கள். கலிலியோ ஒப்பவில்லை. எந்த வடிவத்தில் செதுக்கினாலும் ஐஸ் மிதக்கிறது. தண்ணீருக்கு அடியில் அழுத்திப் பிடித்து விட்டாலும் மேலே வந்துவிடுகிறது. ஆகவே ஐஸ் தண்ணீரைவிட லேசானது, விரிந்த தண்ணீர் என்றார். அடுத்த ஆண்டே, 1612ல், இதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. லோதோவிகோ தெல்லே கொலோம்பே என்பவர் கருங்காலி மரத்தின் மெல்லிய சீவல் ஒன்றைத் தண்ணீர்மேல் வைத்துக் காட்டினார். கருங்காலி தண்ணீரைவிடக் கனமானது. அதன் உருண்டை மூழ்குகிறது, சீவல் மிதக்கிறது. வடிவம்தானே காரணம்? கலிலியோ குனிந்து பார்த்தார். சீவல் தண்ணீரின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் தண்ணீர் கரை கட்டி நிற்கிறது, நன்றாக நனைத்துவிட்டால் மூழ்கிவிடுகிறது என்பதைக் கவனித்தார். அந்தக் கரையைத் தாங்குவது பரப்பு இழுவிசை. அந்தக் கருத்து அன்றைக்கு இல்லாததால் கலிலியோ கொடுத்த விளக்கம் முழுதாக நிற்கவில்லை. தண்ணீரின் ஒரு விசித்திரத்தைப் பற்றி வாதம் செய்யப்போய் அதன் இன்னொரு விசித்திரத்தில் இரு தரப்பும் மாட்டிக்கொண்டது எனக்குப் பிடித்த கட்டம்.

கலிலியோவின் மாணவ பரம்பரையினர் அதே நகரில் 1657 முதல் 1667 வரை ஒரு பரிசோதனைக் கழகம் நடத்தினார்கள். உலோகக் குண்டுகளில் தண்ணீரை அடைத்து உறையவைத்து, அவை பிளப்பதைப் பார்த்தார்கள். நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி ஐஸுக்குள் புதைத்தபோது, கழுத்தில் நீர்மட்டம் இறங்கி, சற்று நின்று, பிறகு உறைவதற்கு முன்பே ஏறியது. அதை அவர்கள் எழுதியும் வைத்தார்கள். ஆனால் ஒரு சந்தேகம் விடவில்லை: குளிரில் கண்ணாடியும் சுருங்குமே? குடுவை சுருங்கினாலும் உள்ளே மட்டம் ஏறத்தானே செய்யும்? தண்ணீரைக் குற்றம் சொல்வதற்கு முன் கண்ணாடியை விசாரிக்க வேண்டியிருந்தது. இந்த வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது.

தீர்த்துவைத்தவர் எடின்பரோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் சார்லஸ் ஹோப். அவருடைய கட்டுரை 1805ல் அச்சானது. அவர் பெயரால் இன்றும் பள்ளி ஆய்வகங்களில் ஒரு கருவி நிற்கிறது: உயரமான உருளைப் பாத்திரம், மேலே ஒரு தெர்மாமீட்டர், அடியில் ஒரு தெர்மாமீட்டர், நடுவயிற்றைச் சுற்றி ஐஸும் உப்பும் கலந்து நிரப்பிய தொட்டி. அறை வெப்பத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டு தெர்மாமீட்டரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடித் தெர்மாமீட்டர் இறங்கத் தொடங்குகிறது. மேல் தெர்மாமீட்டர் அசைவதே இல்லை. நடுவில் குளிர்ந்த தண்ணீர் கனமாகி அடிக்குப் போகிறது என்று அர்த்தம். அடியில் 12, 10, 8, 6 என்று இறங்கி 4க்கு வந்ததும் நின்றுவிடுகிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நகர்வதில்லை. இப்போது மேல் தெர்மாமீட்டர் சரசரவென்று இறங்குகிறது. 4ஐத் தாண்டி, அடித் தெர்மாமீட்டரையும் முந்திக்கொண்டு 0 வரை போய், கடைசியில் மேற்பரப்பில் ஐஸ் படிகிறது. 4 டிகிரிக்குக் கீழே போன தண்ணீர் லேசாகி மேலே ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இதில் கண்ணாடி சுருங்கினால் என்ன, சுருங்காவிட்டால் என்ன? எந்தத் தண்ணீர் இறங்குகிறது, எது ஏறுகிறது என்பதை மட்டும்தான் ஹோப் கேட்டார். அவர் பெற்ற விடை இன்றைய அளவீடான 3.98 டிகிரிக்கு அரை டிகிரிக்குள் வந்துவிட்டது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1799ல், பிரெஞ்சுக்காரர்கள் கிலோகிராமை நிர்ணயித்தபோது 4 டிகிரித் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் அடர்த்தி ஏறி முடிந்து இறங்கத் தொடங்குவதால், வெப்பநிலை ஒரு மயிரிழை பிசகினாலும் எடை கெடாது.

குளிர்நாட்டு ஏரிகளில் நடப்பதும் ஹோப்பின் உருளையில் நடந்ததுதான். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து குளிர்ந்து இறங்குகிறது. ஏரி முழுதும் 4 டிகிரி ஆனதும் இறக்கம் நிற்கிறது. அதன் பிறகு மேல்தண்ணீர் மேலேயே தங்கிக் குளிர்ந்து உறைகிறது. அடியில் 4 டிகிரியில் மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கடலையும் கடல் உயிர்களையும் இந்த 4 டிகிரிதான் காப்பாற்றுகிறது என்று பல மேடைகளில் சொல்கிறார்கள். கடல்நீருக்கு அது பொருந்தாது. ஒரு கிலோ நீரில் 25 கிராம் அளவுக்கு உப்பு சேர்ந்துவிட்டால் இந்தத் திருப்பம் உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. கடலில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது மைனஸ் 1.9 டிகிரியில் உறையும் வரை கனத்துக்கொண்டேதான் போகும். கடலைப் பொறுத்தவரை ஐஸ் மிதப்பது மட்டுமே உதவி.

சரி, தண்ணீர் ஏன் இப்படிச் செய்கிறது?

தண்ணீர் மூலக்கூறு ஒன்றில் நடுவே ஒரு ஆக்சிஜன் அணு, இருபுறமும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஆக்சிஜன் பேராசைக்காரன். பங்கு போட்டுக்கொண்ட எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்கிறது. இதனால் ஹைட்ரஜன் முனைகளில் நேர்மின் சாயலும் ஆக்சிஜனின் முதுகில் எதிர்மின் சாயலும் ஏற்படுகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை நாடிப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. 1920ல் லாட்டிமர், ரோட்புஷ் என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் தண்ணீரை வைத்து இந்தக் கருத்தை எழுதினார்கள். மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டும் பிணைப்போடு ஒப்பிட்டால் இதன் வலு இருபதில் ஒரு பங்குதான். ஆனால் இதன் விளைவு பெரிது. தண்ணீரின் நெருங்கிய உறவான ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. மூலக்கூறு எடையை மட்டும் பார்த்தால் தண்ணீர் அதற்கும் கீழே கொதித்திருக்க வேண்டும். இந்தப் பிடிப்பு இருப்பதால்தான் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. தண்ணீரின் அதிக தன்வெப்பம், உள்ளுறை வெப்பம், அந்தக் கருங்காலிச் சீவலைத் தாங்கிய பரப்பு இழுவிசை எல்லாம் இதே குடும்பம்தான். அவற்றைப் பாடப்புத்தகங்களே நன்றாகச் சொல்லிவிடுகின்றன.

அடர்த்திக் கதைக்கு வேண்டியது இந்தப் பிடிப்பின் திசை. ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன்களைக் கொடுத்து, இரண்டை வாங்கி, மொத்தம் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு சேரலாம். அந்த நான்கும் நான்முகி ஒன்றின் மூலைகளில் நின்றால்தான் பிடிப்பு சரியாக அமையும். கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலோடு கோல் தட்ட வேண்டுமென்றால் பெண்கள் அளவான இடைவெளி விட்டு, குறிப்பிட்ட திசையில் திரும்பி நிற்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே வெற்றிடம் இருக்கும். அதில் யாரும் புகுந்துவிட முடியாது. ஐஸ் என்பது ஒழுங்கு குலையாத கோலாட்டம். ஆட்டம் கலைந்தால், அதே மைதானத்தில் இன்னும் பலர் நெருக்கியடித்து நிற்கலாம்.

இப்போது சூடு ஏற்றுங்கள். இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஆடுபவர்களின் துள்ளல் கூடுகிறது, ஆளுக்கு அதிக இடம் வேண்டியிருக்கிறது. இது எந்தத் திரவத்திலும் நடப்பது, விரிவைத் தருவது. கூடவே அணிவகுப்பு ஆங்காங்கே கலைகிறது. நடுவிலிருந்த வெற்றிடத்தில் ஆட்கள் சரிந்து விழுகிறார்கள். இது சுருக்கத்தைத் தருவது. 0 முதல் 4 டிகிரி வரை இரண்டாவது காரியம் ஜெயிக்கிறது. 4க்கு மேல் முதலாவது. 4 டிகிரியில் ஏதோ ஒரு விசேஷ அமைப்பு உருவாகிறது என்று நினைக்க வேண்டாம். அங்கே இரண்டு பக்கமும் சரிசமமாக இழுக்கின்றன, அவ்வளவுதான்.

இது வெறும் கதை இல்லை என்று எப்படி நம்புவது? ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நான்கே அண்டை மூலக்கூறுகள் என்பதை எக்ஸ் கதிர்கள் காட்டுகின்றன. ஒரு மூலக்கூறைச் சுற்றிப் பன்னிரண்டு என்று இறுக்கி அடுக்க முடிந்திருந்தால் தண்ணீரின் அடர்த்தி இப்போதிருப்பதைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு இருந்திருக்கும். ஜே. டி. பெர்னாலும் ரால்ஃப் ஃபௌலரும் 1933ல் போட்ட கணக்கு இது. மூடுபனியால் விமானம் புறப்படாமல் மாஸ்கோ விமான நிலையத்தில் காத்துக்கிடந்த வேளையில், பனியிலிருந்து தண்ணீருக்குப் போன பேச்சுதான் அந்தக் கட்டுரையாக வளர்ந்தது. ஐஸை உருக்கத் தேவையான வெப்பத்தை, அதே ஐஸை நேராக ஆவியாக்கத் தேவையான வெப்பத்தோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. உருகும்போது பெரும்பாலான பிடிப்புகள் விட்டுப்போவதில்லை என்பது இதிலிருந்து புரிகிறது. திரவத்திலும் ஆட்டம் நடக்கிறது. ஆனால் ஜோடிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பிடிப்பின் ஆயுள் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அல்லது அதில் சில மடங்கு.

கனநீர் இன்னொரு சாட்சி. கல்பாக்கம் அணுமின் உலைகளில் பயன்படுவதும், தூத்துக்குடி ஆலையில் பிரிக்கப்பட்டதும் அதுதான். அதில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதைப்போல இரு மடங்கு கனமான டியூட்டீரியம் இருக்கிறது. பிடிப்பு கொஞ்சம் கூடுதல் உறுதி. அப்படியானால் அணிவகுப்பைக் கலைக்க அதிகச் சூடு வேண்டும், திருப்பம் மேலே போக வேண்டும். போகிறது: கனநீரின் அடர்த்தி உச்சம் 11 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. அழுத்தம் கொடுத்தால் எதிர்த்திசையில் நகர்கிறது. வெற்றிடங்கள் நசுங்குவதால் திருப்பம் கீழே இறங்குகிறது.

இந்த நசுக்கலைப் பற்றி முதலில் ஆழமாக யோசித்தவர் வில்ஹெல்ம் ராண்ட்கன். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த அதே ராண்ட்கன்தான். எந்தத் திரவத்தை அழுத்தினாலும் அது கெட்டிப்பட்டு மெதுவாக ஓடும். குளிர்ந்த தண்ணீரை அழுத்தினால் இன்னும் இளகி ஓடுகிறது. இதற்கும் அடர்த்தி உச்சத்துக்கும் சேர்த்து 1892ல் அவர் ஒரே விளக்கம் சொன்னார்: திரவத் தண்ணீரில் இரண்டு வகை மூலக்கூறு அமைப்புகள் கலந்திருக்கின்றன, ஒன்று ஐஸ் போல விரிந்தது, மற்றது நெருக்கமானது, சூடும் அழுத்தமும் முதலாவதை இரண்டாவதாக மாற்றுகின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு என்ற சொல்லே இல்லாத காலத்தில் சொன்னது இது. பிற்காலத்தில் பலர் இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கினார்கள். அது திரும்பி வந்த வழிதான் தண்ணீர் ஆராய்ச்சியின் சுவாரஸ்யமான பகுதி என்பேன்.

தண்ணீர் 0 டிகிரியில் உறைந்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐஸ் பிடிக்கத் தூசியோ கீறலோ வேண்டும். அவை இல்லாத சுத்தமான தண்ணீர் அதற்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும். இதற்கு மீக்குளிர் நீர் என்று பெயர். வானத்தில் மேகத் துளிகள் மைனஸ் 20 டிகிரியிலும் திரவமாக மிதக்கின்றன. விமானத்தின் இறக்கை பட்டதும் சட்டென்று ஐஸாகி ஒட்டிக்கொள்வது அவைதான். இந்த மீக்குளிர் நீரில் விசித்திரங்கள் அடங்குவதற்குப் பதில் தலைவிரித்தாடுகின்றன. அடர்த்தி சரிகிறது, மைனஸ் 30 டிகிரியில் லிட்டருக்கு 984 கிராம்தான். எந்தத் திரவமும் குளிரக் குளிர அமுக்குவதற்குக் கடினமாகும். தண்ணீரோ 46 டிகிரிக்குக் கீழே குளிரக் குளிர அமுக்க எளிதாகிறது, மீக்குளிரில் இது வேகம் பிடிக்கிறது. 1976ல் ராபின் ஸ்பீடியும் ஆஸ்டன் ஏஞ்சலும் அந்த வரைகோட்டைக் கீழே நீட்டிப் பார்த்தார்கள். மைனஸ் 45 டிகிரிவாக்கில் அது எல்லையில்லாமல் எகிறிவிடும்போலத் தெரிந்தது.

அங்கே போய்ப் பார்க்கலாம் என்றால் முடியவில்லை. மைனஸ் 40ஐ ஒட்டிய வெப்பநிலையில் எவ்வளவு சுத்தமான தண்ணீரும் தானாகவே உறைந்துவிடும். மறுபக்கமாக, மைனஸ் 196 டிகிரியில் ஐஸை ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு காற்றழுத்தத்தில் நசுக்கினால் கண்ணாடி போல ஒழுங்கற்ற ஐஸ் கிடைக்கிறது. கனடாவில் ஒசாமு மிஷிமாவும் சகாக்களும் 1984ல் இதைச் செய்தார்கள். அழுத்தத்தை எடுத்த பிறகும் அதன் அடர்த்தி 1.17, லேசாகச் சூடாக்கினால் 0.94 அடர்த்தியுள்ள இன்னொரு ஒழுங்கற்ற ஐஸாக மாறுகிறது. இரண்டு ஐஸும் இரண்டு வேறு திரவங்கள் உறைந்து நின்ற நிலையா? 1992ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பூலும் யூஜீன் ஸ்டான்லியும் சகாக்களும் கணினியில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்து ஆம் என்றார்கள். ஆழ்குளிரிலும் உயர் அழுத்தத்திலும் தண்ணீர், எண்ணெயும் நீரும் போல, அடர்ந்த திரவம், விரிந்த திரவம் என்று பிரிந்து நிற்கும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாறுநிலைப் புள்ளியில் அந்தப் பிரிவினை மறைந்துவிடும். அதற்கு இப்பால் இருக்கும் நம் தண்ணீர் இரண்டு அமைப்புகளுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். 4 டிகிரித் திருப்பம் அந்த ஊசலாட்டத்தின் வெளிக்கோடி.

மற்றொரு கணினிக் குழு, பெர்க்லியில் டேவிட் சாண்ட்லருடையது, 2011ல் அப்படி ஒன்றுமே இல்லை என்றது. பிரின்ஸ்டனில் பாப்லோ தெபெனெதெத்தியின் குழு இருக்கிறது என்றது. ஒரே மாதிரித் தண்ணீர், இரண்டு விடைகள். ஏழு ஆண்டுகள் இழுத்த இந்தத் தகராறு, பெர்க்லி நிரலை வரிவரியாக அலசியபோது முடிந்தது. மூலக்கூறுகளுக்குத் தொடக்க வேகம் கொடுத்த விதத்தில் பிழை இருந்ததாக 2018ல் எழுதினார்கள்.

கணினி வழக்கு முடிவதற்குள் உண்மைத் தண்ணீரும் சாட்சிக் கூண்டுக்கு வந்துவிட்டது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ் நில்சன் குழு, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னத் துளிகளை வெற்றிடத்துக்குள் பீச்சியது. மேற்பரப்பு ஆவியாக ஆவியாக உள்ளே குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான், இங்கே வேகம் மட்டும் பயங்கரம். துளி உறைவதற்கு முன் எக்ஸ் கதிர் லேசரின் ஒரு துடிப்பு அதைப் படம் பிடித்துவிடுகிறது. மைனஸ் 46 வரை போனார்கள். அமுக்கத்தன்மை எகிறிக்கொண்டே போகவில்லை. மைனஸ் 44ல் உச்சம் தொட்டுத் திரும்பியது. இது 2017ல். 2020ல் மிஷிமாவின் அடர்ந்த ஐஸை அகச்சிவப்பு லேசரால் நொடிப்பொழுதில் சூடாக்கி, அடர்ந்த திரவம் விரிந்த திரவமாக மாறுவதை, ஐஸ் பிடிப்பதற்கு முந்தைய சில மைக்ரோ விநாடிகளுக்குள் தென்கொரியாவின் எக்ஸ் கதிர் லேசரில் பார்த்ததாக அறிவித்தார்கள்.

எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. அவ்வளவு குறுகிய நேரத்தில் திரவம் நிலைக்கு வந்திருக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆழ்குளிரில் இரண்டு திரவங்கள் உண்டென்றே வைத்துக்கொண்டாலும், சமையலறைக் குழாயில் வரும் தண்ணீரிலும் அந்த இரண்டு அமைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியுமா என்பது வேறு தகராறு. நில்சனும் சகாக்களும் முடியும் என்கிறார்கள். இன்னொரு பெரிய கூட்டம், அங்கே இருப்பது இரண்டு வகை இல்லை, ஒன்றோடொன்று கலந்து மாறும் எண்ணற்ற அமைப்புகள் என்கிறது. எக்ஸ் கதிர் நிறமாலையில் தெரியும் ஒரே இரட்டைச் சிகரத்தை இரு தரப்பும் தங்கள் சாட்சியாக எடுத்து வாசிக்கின்றன.